எல்லாருக்கும் ஓம் சொல்லும் மாடு

சென்னைக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றி எழுதுகிறார்கள். கோயில், கடற்கரை, சேலைக்கடை என்று வரிசையாக எழுதிக் கடைசியில் மறக்க முடியாத பயணம் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கும் மறக்க முடியவில்லை. முயன்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. அதற்கு முந்திய வருடம் என் தங்கை பரமேசுவரியின் ஒரே மகன் கரன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிடிபட்டான். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தவன். ஒரு காலை பட்டாளம் அந்த அறை இருந்த ஒடுங்கிய ஒழுங்கையை வளைத்தது. இளைஞர்களை வரிசையாக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள் தலையில் சாக்குப் போட்ட ஒருவன் இருந்தான். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் வீட்டுக்குப் போகலாம். மேலும் கீழும் ஆட்டினால் லொறியில் ஏறவேண்டும். தங்கை அன்று மகனுக்குப் புட்டுக் கட்டிக்கொண்டு சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் போயிருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். கரன் நடந்தான். சாக்கு மேலும் கீழும் ஆடியது.

நான் அரச அலுவலகமான கச்சேரியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் தலை நரைக்கும்வரை இருந்து ஓய்வு பெற்றவன். எந்த அலுவலுக்கு யாரிடம் போகவேண்டும், எத்தனை பிரதி, எந்த முத்திரை என்று ஊரில் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். பிடித்துக்கொண்டு போனவனைத் தேடுவதற்கு ஒரு படிவமும் இல்லை என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் கண்டுபிடித்தேன். ஆகவே மனு எழுதினேன். பிழையில்லாத ஆங்கிலம். மனு கிடைத்ததாகப் பதில் வந்தது. கவனிக்கப்படுவதாக இன்னொரு பதில் வந்தது. அதன் பிறகு கவனித்துக்கொண்டேயிருந்தார்கள்.

அந்த வேளையில்தான் வரதன் இருக்கும் இடம் தெரியவந்தது. காங்கேசன்துறைப் பையன், தகப்பனுக்குச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. கரனோடு ஒரே அறையில் இருந்து, ஒரே நாளில் பிடிபட்டு, ஒரே முகாமில் அடைபட்டவன். அவனை மட்டும் விட்டுவிட்டார்கள். கிடைத்த வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டான். கடிதம் எழுதிக் கேட்கலாம் என்றேன்.

"கடிதத்திலை என்ன வேணுமெண்டாலும் எழுதலாம் அண்ணை. எனக்கு அவன்ரை முகத்தைப் பாக்கோணும்," என்றாள் தங்கை.

எப்படிப் போனோம் என்பதை விட்டுவிடுகிறேன். இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் அந்த வழியால் போய்விட்டீர்கள். மற்றப் பாதிப்பேர் வழி விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கோடம்பாக்கத்தில் எங்கள் ஆட்கள் பலர் இருந்த தெருவில், ஒரு வீட்டின் மேல்மாடி அறை கிடைத்தது. மண்ணெண்ணெய் அடுப்பும் இருந்தது. பெட்டியைக்கூடத் திறக்காமல் வரதனைத் தேடிப் போனோம். அவனுடைய அறையிலிருந்த பையன் பல்லுத் தீட்டியபடி வந்து, "அவன் மதுரைக்குப் போட்டான் ஐயா. ஞாயிற்றுக்கிழமைதான் வருவான்," என்றான்.

அன்று புதன்கிழமை. ஒரு வருடம் பொறுத்தவளுக்கு அந்த நாலு நாட்கள் பொறுக்க முடியவில்லை. அறைக்குள் இருத்தி வைத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஊரைச் சுற்றிப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன்.

முதலில் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்று கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலே போனேன். அங்கிருந்தவர் என்னை வினோதமாகப் பார்த்தார். தானாக வந்து பதிந்தவர்களை அவர் அதிகம் கண்டதில்லை போலும். படிவம் முடிந்துவிட்டதாம். நான் ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு, பெயர், விலாசம், வந்த காரணம் என்று தலைப்பெழுதி, நிரப்பியும் கொடுத்தேன். "நீங்க இங்கயே வேலைக்கு வந்துடுங்க சார்," என்றார். வந்த காரணம் என்ற இடத்தில் 'ஊர் பார்த்தல்' என்று எழுதியிருந்தேன். அவர் அதை வாசிக்கவில்லை.

தேநீர்க் கடைக்காரர், "சார் கேரளாவா?" என்றார். யாழ்ப்பாணம் என்றேன். "அப்படியா! தமிழ் நல்லாப் பேசுறீங்களே," என்று பாராட்டினார். என் பாட்டன் பூட்டன் எல்லோருக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரருக்கு எங்கள் ஊர்ச் செய்திகளில் மிகுந்த ஆர்வம். படம் பார்த்துவிட்டு வந்தவனிடம் கதை கேட்பதுபோலக் கேட்பார். "தினம் சுடுவாங்களா சார்?"

"ஞாயிற்றுக்கிழமை லீவு," என்றேன்.

"பரவால்லியே," என்றார். நம்பிவிட்டார்.

சாப்பாட்டில் குறை சொல்லக்கூடாது. குழம்பும் ரசமும் தயிரும் என்று கேட்கக் கேட்க ஊற்றினார்கள். ஆனால் இடியப்பம் கேட்டபோது தேங்காய்ப்பாலும் சீனியும் கொண்டுவந்து வைத்தார்கள். சொதியும் சம்பலும் எங்கே என்று பரிமாறுகிறவரைக் கேட்டேன். அப்படி ஒன்று இல்லையாம். தங்கை சீனிப்பாலில் இடியப்பத்தைப் பிசைந்தபடி, "பச்சைக் குழந்தைக்குத் தீத்துற சாப்பாடு," என்றாள். பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

தண்ணீருக்கு அங்கே தெரு முழுவதும் குடம் வரிசை. சிவப்பு, பச்சை, நீலப் பிளாஸ்டிக் குடங்கள் ஆட்களைவிட ஒழுங்காக நின்றன. எங்கள் வீடுகளில் ஆளுக்கொரு கிணறு. வளவுக்கு வளவு தண்ணீர். கிணற்றடியில் நின்று குளிக்கத்தான் இப்போது பயம், ஹெலிகொப்டர் வரும்.

மறுநாள் பஸ்ஸில் ஏறினோம். அங்கே நடத்துனர் தன் ஆசனத்தை விட்டு எழும்புவதில்லை. பயணிகள் காசைக் கைமாற்றிக் கைமாற்றி அவரிடம் சேர்க்கிறார்கள். சீட்டும் மிச்சமும் அதே கைகளால் திரும்பி வருகின்றன. முன்பின் தெரியாத அத்தனை கைகளில் ஒன்றுகூட ஒரு சதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நான் பார்த்த அரச திணைக்களம் எதிலும் இப்படி ஒரு நேர்மையைக் காணவில்லை. இந்த ஆச்சரியத்தில் வெறுமையாயிருந்த ஆசனம் ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

"யோவ் பெருசு, அது லேடீஸ் சீட்டு. எய்ந்திரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அங்கே இடப்பக்கம் பெண்களுக்கு. பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் எழுந்த வேகத்தில் என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்துவிட்டது. நீட்டியும் விட்டேன். நடத்துனர் அதைப் பார்த்து, "பாஸா சார்? இது செல்லாது, காசு குடுங்க," என்றார்.

இறங்கிய பிறகு தங்கை சொன்னாள்: "நல்ல காலம், கையைத் தூக்காமல் விட்டியள்."

வெள்ளி பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். மணல் மட்டுமே எங்கள் ஊர்க் கடற்கரைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்த அளவு இருந்தது. கடலைப் பார்க்க வந்தவர்களைவிட, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர்கள் அதிகம். அவர்கள் வித்தைக்காரர்களைச் சுற்றி நின்றார்கள். நாங்களும் போய் நின்றோம்.

முதலில் கயிற்றில் நடக்கிற குடும்பம். மூங்கில்களைக் கட்டி இடையில் ஒரு கயிறு. பத்து வயதுகூட இராத பெண்பிள்ளை, கையில் நீளக் கம்பு, தலையில் அடுக்கிய செம்புகள். கீழே தகப்பன் மேளத்தைத் தட்டியபடி தெலுங்கில் விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவரிடம் அர்த்தம் கேட்டேன். "கீழே பார்க்காதே, சனங்களைப் பார்க்காதே, என் குரலை மட்டும் கேள் என்கிறான்," என்று சொன்னார்.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விழப்போறாள் அண்ணை."

பிள்ளை விழவில்லை. நடுவில் நின்று ஒரு காலைத் தூக்கி, எங்களைப் பார்த்துக் கும்பிட்டும் காட்டினாள். இறங்கி வந்து தட்டை நீட்டியபோது தங்கை அவளுடைய உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டு அடுத்தவரிடம் ஓடினாள்.

அடுத்தது குரங்கு. அதற்கு ஒரு காக்கிச் சட்டை, ஒரு தொப்பி, ஒரு தடி. "மாமியார் வூட்டுக்குப் பொண்ணு எப்படிப் போவும்?" என்று குரங்காட்டி கேட்டதும் ஒரு துணியை முந்தானையாகத் தலையில் போட்டு ஒயிலாக நடந்தது. "மாமூல் வாங்கப் போலீசு எப்படி வரும்?" என்றதும் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு, வயிற்றைத் தள்ளியபடி சுற்றி வந்து ஒவ்வொருவர் பையிலும் கைவிட்டது. கூட்டம் உருண்டு சிரித்தது. எனக்கு அடுத்ததாகச் சீருடையில் நின்ற காவலர் ஒருவரும் கடலையைக் கொறித்தபடி சிரித்தார். என் கண்கள் மட்டும் எந்தப் பக்கத்தால் ஓடலாம் என்று தேடின. எங்கள் ஊரில் இப்படி ஆடிக்காட்டினால் குரங்கை லொறியில் ஏற்றியிருப்பார்கள், சிரித்தவர்களையும் ஏற்றியிருப்பார்கள்.

அருகில் ஒரு சத்தம் கேட்டது. தங்கை வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தக் குரங்குக்கு நான் இரண்டாம் தடவையும் காசு போட்டேன். உண்மையாகவே அந்தப் பின்னேரம் நன்றாக இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மேளச் சத்தம் ஒன்று கேட்டு இன்னும் கொஞ்சம் நடந்தோம்.

அது ஒரு மாடு. முதுகு நிறையப் பலநிறத் துணிகள், கொம்பில் பித்தளைப் பூண், நெற்றியில் சோழி, கழுத்தில் மணி. கூட நின்றவன் தலைப்பாகையும் கிழிந்த கோட்டும் போட்டு, மேளத்தில் கோலைத் தேய்த்துப் பூம் பூம் என்று உறும வைத்தான். எங்கள் ஊர் மாடு உழும், நெல்லுச் சூடு மிதிக்கும், வண்டில் இழுக்கும், சவாரிப் போட்டியில் ஓடும். கேள்விக்குப் பதில் சொல்லாது. ஆகவே நாங்கள் இருவரும் முன்வரிசைக்கே போய்விட்டோம்.

"அம்மா தொலை தூரத்துலேர்ந்து வந்திருக்காங்களா? சொல்லு ராஜா."

மாடு ஆமாம் என்று, எங்கள் பேச்சில் ஓம் என்று, தலையை மேலும் கீழும் ஆட்டியது. மணி கிலுங்கியது.

"அம்மா மனசுல ஒரு பாரம் இருக்குதா?"

ஆட்டியது.

எங்கள் பேச்சு அவன் காதில் விழுந்திருக்கும். தங்கையின் முகத்தைப் பார்த்தால் மற்றதற்கு மாடே தேவையில்லை. நான் அவனுடைய செயல்முறையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதனால் தங்கை முன்னால் போனதைக் கவனிக்கவில்லை. அவள் மாட்டுக்காரனைப் பார்க்கவில்லை. மாட்டின் கண்ணுக்கு நேரே குனிந்தாள்.

"என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறானோ?"

மேளம் நின்றது. எங்கள் தமிழை மலையாளம் என்று நினைக்கிற ஊரில், இந்த ஒரு கேள்வி மட்டும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மாட்டுக்காரன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் கையிலிருந்து மாட்டின் மூக்குக்குப் போகிற மெல்லிய கயிறு ஒன்று இருந்தது. அந்தக் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு சுண்டியது.

மாடு தலையை ஆட்டியது. மேலும் கீழும்.

"இன்னொருக்கால் சொல்லு," என்றாள்.

இன்னொரு தடவையும் சொன்னது.

தங்கை கைப்பையிலிருந்ததை எண்ணாமல் எடுத்து அவன் கையில் வைத்தாள். மாட்டின் நெற்றியைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் கடலை விற்ற பெண்ணுக்குத்தான் மனம் கேட்கவில்லை. "அது எல்லாருக்கும் ஆமான்னுதாம்மா சொல்லும்," என்றாள்.

தங்கை அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாள். நான் நின்று கேட்டேன்: "ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லையா?"

"இல்லைன்னா எவன் சார் துட்டு போடுவான்?"

அந்த நகரத்தில் பிறந்தவர்களுக்குப் பால்குடி மாறும் முன்னமே தெரிந்த விஷயம் அது. எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பழகிய தலைகள் வேறு.

அறைக்கு வந்ததும் தங்கை ஒரு மாதிரிப் பசியோடு சாப்பிட்டாள். அவள் கை கழுவும்வரை பொறுத்திருந்துவிட்டு, உண்மையைச் சொல்வது என் கடமை என்று கயிற்றைப் பற்றி விளக்கினேன். எந்த விரலால் சுண்டினான் என்பதுவரை சொன்னேன்.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அந்த ஜீப்புக்குள்ளை இருந்தவனை மட்டும் ஒருத்தரும் கயித்திலை பிடிக்கேல்லையோ அண்ணை? அவன் ஆட்டினது பலிச்சதுதானே. இது ஆட்டினது பலிக்கக்கூடாதோ?"

நான் எழுந்து பாயை விரித்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை வரதனிட்டை ஒண்டும் கேக்கக்கூடாது," என்றாள் அவளே.

"அப்ப என்னத்துக்குப் பிள்ளை கடல் தாண்டி வந்தனாங்கள்?"

"பெடியன் ஒரு வருசமா எங்கடை சாப்பாடு தின்னாமல் கிடப்பான். சமைச்சுக் குடுப்பம்."

ஊரிலிருந்து மிளகாய்த்தூள் கொண்டுவந்திருந்தாள். சனிக்கிழமை முழுவதும் சந்தையில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் தேடினாள். புட்டுக் குழல் இல்லாமல் இட்டலிச் சட்டியில் துணி கட்டி அவித்தாள்.

வரதன் ஞாயிறு மத்தியானம் வந்தான். நெடுவல், சட்டைக்குள் ஆள் இல்லாததுபோல மெலிவு. வாசலில் நின்றபடியே, "அம்மா, கரன்..." என்று தொடங்கினான். வழி முழுவதும் பாடமாக்கிக்கொண்டு வந்திருப்பான்.

"முதல்லை சாப்பிடு மோனை. கதை பேந்து," என்று கையில் தண்ணீரைக் கொடுத்தாள்.

அவன் குழைத்து ஒரு வாய் வைத்தான். இரண்டாம் வாயில் அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சாப்பிடுவதையும் நிறுத்தவில்லை, அழுவதையும் நிறுத்தவில்லை.

"உறைப்பு அம்மா," என்றான்.

"ஓம் மோனை, உறைப்புத்தான். இஞ்சத்தை தூள் மாதிரி இல்லை." இன்னும் புட்டு வைத்தாள். குழம்பை ஊற்றினாள். அவன் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தபோது, கையை விலக்கிவிட்டு ஊற்றினாள். கதை பேந்து என்றவள் பேந்தும் இடம் கொடுக்கவில்லை. மதுரையில் மழையோ, அறையில் எத்தனை பேர், தாய் தகப்பன் எழுதுகிறார்களோ என்று ஓயாமல் கேட்டாள். அவன் புறப்படும்போது, "கரன் வந்த உடனை உனக்கு எழுதச் சொல்லுறன்," என்றாள்.

வரதன் என்னைப் பார்த்தான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவனோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன்.

கேட்க வேண்டாம் என்று அவள் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். ஆனால் நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

"விடியக்காலமை மூண்டு பேரைக் கூப்பிட்டவங்கள் ஐயா. கரன் எழும்பிச் செருப்பைத் தேடினவன். இருட்டு. நான்தான் தடவித் தேடினனான். செருப்புத் தேவையில்லை, வா எண்டாங்கள்."

"பேந்து?"

"பேந்து காணேல்லை."

"ஏதும் சத்தம் கேட்டதோ?"

"அங்கை எந்த நேரமும் சத்தம்தான் ஐயா."

பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. "அம்மாட்டைச் சொல்லவோ ஐயா? திரும்பி வந்து சொல்லவோ?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மூன்றாவது பஸ்ஸில் அவனை நானே ஏற்றிவிட்டேன்.

என் உத்தியோகப்படி அது சாட்சியமே அல்ல. மரணத்தைப் பதிவதற்குக் கண்டவர் வந்து அறிவிக்க வேண்டும். எங்கே, எப்படி என்று சொல்ல வேண்டும். ஒருவன் செருப்பில்லாமல் வெளியே போனதை எந்தப் பதிவாளரும் ஏற்கமாட்டார். ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் சட்டம் ஏதோ ஊகித்துக்கொள்ளும். அதுவரைக்கும் வரதனின் வாக்குமூலமும் மாட்டின் வாக்குமூலமும் ஒரே தரம். இதையெல்லாம் எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தேன். ஒன்றையும் நான் நம்பவில்லை.

தங்கை கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், "பஸ் வந்ததோ?" என்றாள்.

"வந்தது," என்றேன்.

வேறொன்றும் அவள் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது சாவகச்சேரிச் சந்தையில் மாம்பழம் மலிந்திருந்தது. மெட்ராஸ் எப்படி என்று அயலில் எல்லோரும் வந்து கேட்டார்கள். தங்கை நன்றாகவே சொன்னாள். கயிற்றில் நின்று கும்பிட்ட பிள்ளையைச் சொன்னாள். போலீஸ் குரங்கைச் சொன்னாள், நடந்தும் காட்டினாள், பெண்கள் சிரித்தார்கள். நான் பஸ்ஸில் அட்டையை நீட்டியதையும் விடவில்லை. மாட்டைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அதைக் கவனித்த பிறகு எனக்கு அவள் முகத்தைப் பார்ப்பது கடினமாயிருந்தது.

ஒரு காலை என் வீட்டுக்கு வந்தாள். கையில் புதிதாக வாங்கிய தாள் கட்டு.

"திருப்பி மனு எழுதோணும் அண்ணை."

"இந்தமுறை ஆருக்கு?"

"எல்லாருக்கும்."

மேசையில் இருந்து எழுதினேன். அவள் பக்கத்தில் நின்றாள். பெயர், பிறந்த ஊர், பிடிபட்ட இடம் எல்லாம் பழையபடிதான். வயது என்ற இடத்துக்கு வந்ததும் என் பேனை நின்றுவிட்டது. செத்தவர்களின் வயது எழுதுவது எனக்குக் கைப்பழக்கம். கடைசி நாளோடு கணக்கு முடிந்துவிடும். அதற்குமேல் ஒரு நாளும் கூட்டக்கூடாது.

"போனமுறை இருவத்திரண்டு எண்டு போட்டனீங்கள்," என்றாள் தங்கை. "இப்ப இருவத்திமூண்டு."

இருபத்துமூன்று என்று எழுதினேன்.